வால்வு லீக் பார்க்கப் போய் பிஸ்டனை இழக்காமல் இருக்க

"வண்டியில் இழுவை இல்லை, ஐடிலில் நின்றால் உதறுகிறது" என்று போய் நின்றால், பல ஒர்க்‌ஷாப்புகளில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: கம்ப்ரஷன் போச்சு, வால்வு லீக், ஹெட்டை இறக்கணும். மூன்று தனித்தனி விஷயங்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். கம்ப்ரஷன் குறைவதற்கு வால்வு தவிர வேறு காரணங்களும் உண்டு. வால்வுதான் காரணம் என்றாலும் ஹெட்டை, அதாவது சிலிண்டரின் மேல்மூடியை, இறக்காமலே அதைக் கண்டுபிடிக்கலாம். இன்னொரு பக்கம், "காற்று அடித்துப் பார்த்தால் பிஸ்டன் போய்விடும்" என்று அந்தச் சோதனையையே ஒதுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் எந்த இடத்தில் பயப்பட வேண்டும் என்பது தெளிவாகத் தெரியாததால், பயப்பட வேண்டாத இடத்தில் தயங்கி, பயப்பட வேண்டிய இடத்தில் துணிந்துவிடுகிறார்கள்.

புதிதாகக் கற்பவர்களுக்காக, பெட்ரோலில் ஓடும் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினை வைத்தே இதைச் சொல்கிறேன்.

## அடிபம்பும் இன்ஜினும்

தெருமுனை அடிபம்பில் வாஷர் தேய்ந்துவிட்டால் எவ்வளவு வேகமாக அடித்தாலும் தண்ணீர் ஏறாது. கைப்பிடி, கம்பி, குழாய் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். பிடித்து வைக்க வேண்டிய இடத்தில் பிடிப்பு இல்லை, அவ்வளவுதான்.

இன்ஜினிலும் அதே கதைதான். பிஸ்டன் என்பது சிலிண்டருக்குள் மேலும் கீழும் போய்வரும் உருளை. அது கீழே இறங்கும்போது காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை உள்ளே வருகிறது. மேலே ஏறும்போது அந்தக் கலவை நெருக்கப்படுகிறது. இந்த நெருக்கத்தைத்தான் கம்ப்ரஷன் என்கிறோம். பிறகு தீப்பொறி பட்டு எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. கடைசியாக எரிந்த புகை வெளியே போகிறது. கலவை உள்ளே வர ஒரு வாசல், புகை வெளியே போக ஒரு வாசல். அந்த வாசல்களின் கதவுதான் வால்வு.

வால்வு காளான் வடிவில் இருக்கும். நீண்ட காம்பு, தட்டையான தலை. தலையின் சரிவான ஓரம் ஹெட்டில் உள்ள ஒரு வளையத்தில் உட்காருகிறது. அந்த வளையத்துக்கு வால்வு சீட் என்று பெயர். இரண்டும் தொட்டுக்கொள்ளும் பட்டை பெரும்பாலான கார்களில் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் அகலம்தான். இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. அத்தனை முறையும் அந்த மெல்லிய பட்டையில் சரியாக வந்து உட்கார்ந்தால்தான் கம்ப்ரஷன் நிற்கும்.

அந்தப் பட்டைக்கு இன்னொரு வேலையும் உண்டு. புகை வாசலில் இருக்கும் எக்ஸாஸ்ட் வால்வின் தலை நெருப்பிலேயே குளிக்கிறது. அதன் சூட்டில் பெரும்பங்கு, மூடியிருக்கும் நேரத்தில் சீட் வழியாகத்தான் ஹெட்டுக்குள் இறங்குகிறது. ஓரிடத்தில் சரியாக உட்காராவிட்டால் அங்கே சூடு இறங்காது. போதாக்குறைக்கு, எரியும் வாயு அந்த இடுக்கு வழியே பீய்ச்சிக்கொண்டு போகும். ஏரிக்கரையில் எலி வளை போலத்தான்: சிறிய துளை தன்னைத் தானே பெரிதாக்கிக்கொள்ளும். அதனால்தான் வால்வுக் கசிவைச் சந்தேகம் வந்த அன்றே பார்த்துவிடுவது நல்லது என்கிறேன்.

இதுவரை பார்த்தது: வால்வு ஒரு கதவு, சீட் அதன் நிலை. இரண்டும் ஒட்டாவிட்டால் நெருக்கம் தப்பிப்போகும், வால்வும் எரியத் தொடங்கும்.

## பிஸ்டனுக்கு ஆபத்து எங்கிருந்து வருகிறது

வால்வு என்ற கதவு உள்பக்கமாக, அதாவது பிஸ்டன் இருக்கும் பக்கமாகத் திறக்கிறது. பிஸ்டனும் மேலே ஏறி அதே இடத்துக்குத்தான் வருகிறது. பல இன்ஜின்களில் இரண்டும் ஒரே நேரத்தில் அங்கே இருக்க முடியாது. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிராக வரும் இரண்டு ரயில்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று போன பிறகே மற்றது வரலாம் என்ற கட்டுப்பாடு இருக்கும்வரை ஒரு வம்பும் இல்லை.

இன்ஜினில் அந்தக் கட்டுப்பாட்டைப் பார்த்துக்கொள்வது டைமிங் பெல்ட் அல்லது டைமிங் செயின். பிஸ்டனை ஏற்றி இறக்கும் தண்டு கிராங்க். வால்வை அழுத்தித் திறக்கும் மேடுள்ள தண்டு கேம். இரண்டையும் பெல்ட்டோ செயினோ பல் பிசகாமல் இணைத்து வைக்கிறது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. பெல்ட் அறுந்தால் மோதிக்கொள்ளக்கூடிய இன்ஜின்களுக்கு இன்டர்ஃபியரன்ஸ் இன்ஜின் என்று பெயர். மோதாத அளவுக்கு இடைவெளி விட்டுச் செய்தவையும் உண்டு. உங்கள் வண்டி எந்த வகை என்று உறுதியாகத் தெரியாதவரை மோதும் வகை என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

ஆகவே கையால் கிராங்கைச் சுற்றினாலும் சரி, காற்று அடித்து அதுவாகச் சுற்றினாலும் சரி, பெல்ட்டோ செயினோ சரியாகப் பூட்டியிருந்தால் வால்வும் பிஸ்டனும் மோதாது. பெல்ட் கழன்ற நிலையில் கிராங்கையோ கேமையோ தனியாகச் சுற்றினால்தான் மோதும். இந்த ஒரு வேறுபாட்டை மனதில் பதித்துக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும், மீதிப் பயம் சரியான இடத்தில் இருக்கும்.

## முதலில் டாப்பெட் கேப்

சோதனைக்குப் போகும் முன்பு செய்ய வேண்டிய மலிவான வேலை இது. வால்வு மூடியிருக்கும்போது அதன் காம்புக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே மெல்லிய இடைவெளி வேண்டும். அதுதான் டாப்பெட் கேப். சாதாரண பைக்குகளில் இது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். உங்கள் வண்டிக்கான சரியான அளவு கையேட்டில் இருக்கும். அந்த இடைவெளி இல்லாமல் போனால், நிலைக்கும் கதவுக்கும் நடுவே மடித்த காகிதத்தைச் செருகினாற்போல வால்வு முழுதாக மூடாது. வால்வில் ஒரு பழுதும் இருக்காது, ஆனால் கசியும்.

ஓட ஓட இடைவெளி கூடும், டக்டக் என்று சத்தம் வரும் என்றே பலர் நினைக்கிறார்கள். சத்தம் வராவிட்டால் டாப்பெட் சரியாக இருப்பதாக முடிவு கட்டுகிறார்கள். உண்மையில் சீட் தேயத் தேய வால்வு மேலே ஏறி இடைவெளி குறையவும் செய்யும். எல்.பி.ஜி., சி.என்.ஜி.யில் ஓடும் ஆட்டோக்களில் இது அதிகம். சத்தமே இல்லாத டைட் டாப்பெட்தான் வால்வை எரிக்கும். இன்ஜின் ஆறிய பிறகு ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை விட்டுப் பாருங்கள். இந்த இடைவெளியைச் சரிசெய்ததும் சரியாகிவிட்ட வண்டிக்கு ஹெட் இறக்கும் செலவு வைப்பது அநியாயம்.

## கம்ப்ரஷன் கேஜ்: எவ்வளவு என்று சொல்லும், எங்கே என்று சொல்லாது

பிளக்குகளைக் கழற்றி, ஒரு ஓட்டையில் கேஜை மாட்டி, பெட்ரோலையும் தீப்பொறியையும் துண்டித்துவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுதாகத் திறந்து செல்ஃப் அடிப்பது கம்ப்ரஷன் சோதனை. கழற்றும் முன்பு பிளக் குழியைக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்துவிடுங்கள். அங்கே கிடக்கும் மணல் சிலிண்டருக்குள் விழுந்தால் சுவரில் கோடு போடும். எல்லாச் சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று மட்டும் படுத்துக் கிடந்தால் அங்கே கோளாறு. கோளாறு வால்விலா, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கிலா, ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள ஹெட் கேஸ்கட்டிலா என்று கேஜ் சொல்லாது.

அதைப் பிரித்தறிய, சிலிண்டருக்குள் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளப்பார்கள். ஆயில் ரிங்கின் இடுக்கை அடைப்பதால் அளவு ஏறினால் ரிங் கோளாறு; ஏறாவிட்டால் வால்வையோ கேஸ்கட்டையோ சந்தேகிக்கலாம். முறை நல்லதுதான். ஆனால் "கொஞ்சம்" என்ற சொல்தான் வினையாகிறது.

ஒரு 100 சிசி பைக்கை எடுத்துக்கொள்வோம். கம்ப்ரஷன் விகிதம் 9:1 என்றால், அதாவது பிஸ்டன் அடியில் இருக்கும்போது உள்ள இடம் உச்சியில் மிஞ்சும் இடத்தைப்போல் ஒன்பது மடங்கு என்றால், பிஸ்டன் உச்சிக்குப் போனதும் மேலே மிஞ்சும் இடம் 12.5 மில்லிலிட்டர்தான். ஒரு மூடி ஆயிலை அப்படியே கவிழ்த்தால் அந்த இடம் நிரம்பிவிடும். காற்றை நெருக்கலாம், ஆயிலை நெருக்க முடியாது. செல்ஃப் அடித்ததும் ஏறி வரும் பிஸ்டன் கல்லில் முட்டியதுபோல் நிற்கும். பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்தே போகலாம். பைக்குக்கு அரை டீஸ்பூன், கார் சிலிண்டருக்கு ஒரு டீஸ்பூன் போதும். டீசல் இன்ஜினில் இந்த ஆயில் சோதனையே வேண்டாம். அங்கே மிஞ்சும் இடம் இன்னும் குறுகல். நெருக்கத்தின் சூட்டில் அந்த ஆயிலே பற்றிக்கொள்ளவும் கூடும்.

## லீக்டவுன்: பஞ்சர் கடைக்காரரின் முறை

சைக்கிள் டியூபில் பஞ்சர் எங்கே என்று பார்க்க கடைக்காரர் என்ன செய்கிறார்? காற்றடித்து, தண்ணீரில் அமுக்கி, குமிழி வரும் இடத்தைப் பார்க்கிறார். வால்வுக்கும் இதுதான் சரியான முறை என்பது என் உறுதியான எண்ணம். பிளக் ஓட்டை வழியாகக் கம்ப்ரசர் காற்றைச் சிலிண்டருக்குள் விட்டு, அது எந்த வழியாகத் தப்புகிறது என்று கேட்பதற்கு லீக்டவுன் சோதனை என்று பெயர். இதற்கென்று இரண்டு முள் கொண்ட கேஜ் கிடைக்கிறது. ஒரு முள் நாம் விடும் அழுத்தத்தையும் மற்றது சிலிண்டரில் நிற்கும் அழுத்தத்தையும் காட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கசிவின் அளவு.

இங்கேதான் காற்றின் பலத்தைப் பற்றி ஒரு கணக்கு. சிலிண்டரின் விட்டம் 80 மில்லிமீட்டர் என்றால் பிஸ்டனின் மேற்பரப்பு சுமார் 50 சதுர சென்டிமீட்டர். அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ, அதாவது 100 பி.எஸ்.ஐ. விட்டால் பிஸ்டன் தலையில் 350 கிலோ இறங்குகிறது. ஏழு சிமெண்ட் மூட்டைகள். அந்தப் பாரம் பிஸ்டனை உடைக்காது. எரியும்போது அதைவிடப் பல மடங்கு பாரத்தைத் தாங்கும் பாகம் அது. ஆனால் அந்தப் பாரம் பிஸ்டனைக் கீழே தள்ளும், கிராங்க் சுழலும்.

சுழலாமல் இருக்க ஒரு நிலை உண்டு. சைக்கிள் பெடல் நேர் உச்சியில் இருக்கும்போது அதன்மேல் ஏறி நின்றாலும் சக்கரம் சுற்றாது. ஒரு விரல் அளவு முன்னே தள்ளியிருந்தால் போதும், சுற்றிவிடும். பிஸ்டனும் அப்படித்தான். அது நேர் உச்சியில் நிற்கும் நிலைக்கு டி.டி.சி. என்று பெயர். சோதிக்கும் சிலிண்டரை டி.டி.சி.யில் நிறுத்தித்தான் காற்று விட வேண்டும். அப்போதும் சிறிது பிசகியிருக்கலாம் என்று எண்ணி கிராங்கை இறுக்கிப் பிடிக்க வேண்டும்: காரை டாப் கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, சக்கரத்துக்கு அடை கொடுங்கள்; பைக்கை டாப் கியரில் போட்டுப் பின் பிரேக்கை மிதியுங்கள். முதல் கியர் உதவாது, அதில் இன்ஜின் சக்கரத்தைச் சுலபமாகத் தள்ளிவிடும். காற்று விடுவதற்கு முன்பு கிராங்க் போல்ட்டில் மாட்டிய ஸ்பேனரை எடுத்துவிடுங்கள். இதை இன்னொரு முறை சொல்ல வேண்டும்: எடுத்துவிடுங்கள். கிராங்க் திடீரென்று சுழன்றால் அந்த ஸ்பேனர் கையையோ முகத்தையோ தேடி வரும்.

டி.டி.சி.யைக் கண்டுபிடிக்க பிளக் ஓட்டையில் ஸ்க்ரூடிரைவர் விடும் பழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். பல ஹெட்டுகளில் அந்த ஓட்டை சாய்வாக இருக்கும். பிஸ்டன் ஏறும்போது கம்பி சிக்கி பிஸ்டன் தலையில் கீறல் போடும், பிளக் மரையைச் சிதைக்கும். நீளமான பிளாஸ்டிக் ஸ்ட்ரா போதும். அதை விரலால் பிடித்துக்கொண்டு கிராங்கை மெல்லச் சுற்றினால், ஏறி நின்று இறங்கத் தொடங்கும் இடம் தெரிந்துவிடும்.

இன்னொரு குழப்பமும் இங்கே வரும். நான்கு ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் இரண்டு முறை உச்சிக்கு வருகிறது. ஒரு முறை கலவையை நெருக்கி, மறு முறை புகையைத் தள்ளி. இரண்டாவது உச்சியில் இரண்டு வால்வும் சிறிது திறந்திருக்கும். அங்கே காற்று விட்டால் இரண்டு பக்கமும் சீறும். நல்ல இன்ஜினுக்கு "ரெண்டு வால்வும் போச்சு" என்று தீர்ப்பு எழுதிவிடுவோம். பிளக் ஓட்டையை விரலால் மூடிக்கொண்டு கிராங்கைச் சுற்றுங்கள். பிஸ்டன் ஏறும்போது விரலைக் காற்று தள்ளினால் அதுதான் வேண்டிய உச்சி.

இப்போது ஒரு கிலோ அழுத்தத்தில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். காதைக் கொடுத்துக் கேளுங்கள். ஏர் ஃபில்டர் பக்கம் சீறினால் கலவை உள்ளே வரும் வாசலின் இன்டேக் வால்வு. சைலன்சர் வாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அங்கே மெல்லிய சத்தம் எப்போதும் இருக்கும். ரிங் ஒருபோதும் முழுதாக அடைக்காது. அது பலமாக வந்தால்தான் கவலை. ரேடியேட்டரில் குமிழி வந்தாலோ பக்கத்துப் பிளக் ஓட்டையில் காற்று வந்தாலோ கேஸ்கட்டைப் பாருங்கள்.

பத்து சதவீதத்துக்குள் கசிவு இருந்தால் நல்ல நிலை, முப்பதைத் தாண்டினால் வேலை இருக்கிறது என்பது பொதுவான கணக்கு. கேஜுக்குக் கேஜ் இந்த எண் மாறும். அதனால் எண்ணைவிட, சிலிண்டர்களுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தையும் சத்தம் வரும் இடத்தையும் நான் அதிகம் நம்புவேன். வால்வுப் பக்கம் சத்தம் கேட்டதும் வால்வுக் காம்பைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கும் வழக்கம் ஒன்று உண்டு, நடுவில் கரித்துகள் சிக்கியிருந்தால் விழுந்துவிடும் என்று. பிஸ்டன் உச்சியில், வால்வுக்குச் சற்றுக் கீழே நிற்கும்போது அப்படித் தட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. எல்லாவற்றையும் பூட்டி, வண்டியைக் கால்மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி சோதியுங்கள். துகளாக இருந்தால் பெரும்பாலும் போயிருக்கும்.

சுருக்கமாக: நெருக்கும் உச்சியில் நிறுத்தி, கிராங்கைப் பிடித்து, ஸ்பேனரை எடுத்து, குறைந்த காற்றில் தொடங்கினால் லீக்டவுன் பிஸ்டனுக்குக் கெடுதல் செய்யாது.

## பெல்ட் அறுந்த வண்டி

உண்மையான ஆபத்து இந்த நிலையில்தான். ஓடும்போது பெல்ட் அறுந்து நின்றுவிட்டது. வால்வு வளைந்ததா என்று தெரிந்தால்தான் புதுப் பெல்ட் போடுவதா, ஹெட்டை இறக்குவதா என்று முடிவெடுக்கலாம். சிலர் உடனே செல்ஃப் அடித்துப் பார்க்கிறார்கள். சிலர் கிராங்கைச் சுற்றி டி.டி.சி. தேடுகிறார்கள். கேம் நின்ற இடத்தில் நிற்கிறது, ஏதோ சில வால்வுகள் திறந்தபடி தொங்குகின்றன. ஏறும் பிஸ்டன் நேராகப் போய் அவற்றில் இடிக்கும். அதுவரை தப்பிய வால்வும் அப்போது வளையும்.

நான்கு சிலிண்டர் வரிசை இன்ஜினில் 1, 4 ஏறினால் 2, 3 இறங்கும். முதல் சிலிண்டரில் காற்று விட்டு அந்தப் பிஸ்டன் நழுவி இறங்கினால், நீங்கள் பார்க்காத இரண்டாவது பிஸ்டன் ஏறுகிறது. காற்று விட்டது ஒரு சிலிண்டரில், அடி விழுவது பக்கத்துச் சிலிண்டரில். "காற்று அடித்தால் பிஸ்டன் போய்விடும்" என்ற பேச்சில் உள்ள உண்மை இதுதான்.

பாதுகாப்பான வழி, எல்லா வால்வையும் மூட வைத்துவிடுவது. கேம் ஷாஃப்ட்டை, அல்லது கேமுக்கும் வால்வுக்கும் நடுவே இருக்கும் ராக்கர்களை, கழற்றி எடுத்தால் ஸ்பிரிங்கின் பலத்தில் எல்லா வால்வும் தாமே மேலேறி மூடிக்கொள்ளும். வளையாத வால்வு ஒன்றுகூடப் பிஸ்டனின் பாதையில் இருக்காது. கேமின் மூடிகளைக் கையேட்டில் உள்ள வரிசைப்படி, கால் கால் சுற்றாகத் தளர்த்துங்கள். ஒரு பக்கத்தை மட்டும் கழற்றினால் ஸ்பிரிங்கின் தள்ளலில் கேம் உடையக்கூடும். கழற்றிய பிறகு ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒன்று, இரண்டு கிலோ காற்று போதும். வளைந்த வால்வு பெரும்பாலும் மெல்லக் கசியாது; விட்ட காற்று அப்படியே குபுகுபுவென்று போய்விடும். ஒவ்வொரு சிலிண்டரையும் தனித்தனி டி.டி.சி.க்குக் கொண்டுவர வேண்டிய அவசியமும் இல்லை, பிஸ்டன் இருக்கும் இடத்திலேயே சோதிக்கலாம்.

கேமைக் கழற்றாமல் சுற்ற மட்டும் வேண்டியிருந்தால், நான்கு சிலிண்டரில் எல்லாப் பிஸ்டனும் ஒரே மட்டத்தில் பாதி வழியில் நிற்குமாறு வையுங்கள். அதற்குக் கிராங்கை டி.டி.சி.யிலிருந்து கால் சுற்று தள்ளி வைக்க வேண்டும். அந்த இடத்துக்குக் கொண்டுபோகும்போதே மெல்லச் சுற்றி, ஏதாவது தட்டினால் நிறுத்தி, எதிர்ப்பக்கம் சுற்றுங்கள். அங்கே நின்றபின் கேமைச் சுற்றலாம். காற்று மட்டும் விடாதீர்கள். பாதி வழியில் நிற்கும் பிஸ்டனைத்தான் காற்று சுலபமாக ஓட்டும்.

## ஹெட் இறங்கியிருந்தால்

இது எளிது. ஹெட்டைக் கவிழ்த்து, பிளக்கைப் பூட்டி, எரியறைக் குழியில் மண்ணெண்ணெய் ஊற்றிச் சில நிமிடம் விடுங்கள். கேம் அழுத்தாமல் மூடியிருக்கும் வால்வின் போர்ட்டுக்குள், அதாவது வாசலின் மறுபக்கம், ஈரம் இறங்கினால் அந்த வால்வு கசிகிறது. பக்கத்தில் பீடி, வெல்டிங் எதுவும் கூடாது. கேம் பூட்டியபடி இருக்கும் ஹெட்டை முகம் குப்புற மேசையில் வைக்காதீர்கள். திறந்திருக்கும் வால்வு ஹெட்டின் முழு எடையையும் தாங்கி வளைந்துபோகும். இரண்டு மரக்கட்டைகள்மேல் வையுங்கள்.

## பூட்டிய பிறகு

எந்த வழியில் சோதித்திருந்தாலும், பெல்ட்டையோ கேமையோ தொட்டிருந்தால் டைமிங் குறிகளைச் சேர்த்துப் பூட்டியபின் உடனே செல்ஃப் அடிக்காதீர்கள். பிளக் கழற்றிய நிலையிலேயே, ஸ்பேனரால் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். இரண்டு சுற்றில் ஒவ்வொரு வால்வும் ஒரு முறை திறந்து மூடிவிடும், ஒவ்வொரு பிஸ்டனும் தன் உச்சிகளைத் தொட்டுவிடும். வால்வு ஸ்பிரிங்கால் வரும் பாரம் ஏறி ஏறி இறங்கும், அது இயல்பு. ஓரிடத்தில் டக்கென்று கடினமாக நின்றால் அது வேறு. அங்கே பிஸ்டனும் வால்வும் தொட்டுக்கொண்டிருக்கின்றன. கையின் பலத்தில் மெல்லத் தொட்டதால் பெரும்பாலும் இன்னும் எதுவும் வளைந்திருக்காது. ஸ்பேனரில் குழாயைச் செருகி இழுக்காமல், பின்னோக்கிச் சுற்றி, குறிகளை மறுபடி பாருங்கள்.